ஒரு வேர் கெட்டால் பல்லையே இழக்க வேண்டுமா?

பல் மருத்துவரின் நாற்காலியில் அமர்ந்திருக்கும் எவரும் கேட்க விரும்பாத ஒரு வாக்கியம் உண்டு: "இந்தப் பல்லை எடுத்துவிட வேண்டியதுதான்." அதைக் கேட்டவுடன் நம்மில் பலர், வலி தீர்ந்தால் போதும் என்று அப்போதே சம்மதித்துவிடுகிறோம். வேறு சிலர் அச்சத்தோடு வீடு திரும்பி, மருத்துவரை மீண்டும் காணாமலே மாதங்களைக் கடத்துகிறோம். இவ்விரண்டுக்கும் முன்னால் நாம் கேட்க வேண்டிய வினா ஒன்று இருக்கிறது: "பல் முழுவதும் கெட்டுவிட்டதா, அல்லது அதன் ஒரு வேர் மட்டும் கெட்டிருக்கிறதா?"

ஒரு வேர் மட்டும் கெட்டிருந்தால், அந்த வேரை மட்டும் அறுவைச் சிகிச்சையால் நீக்கிவிட்டு, எஞ்சிய வேர்களின் துணையோடு பல்லைக் காப்பாற்ற இயலும். எல்லாப் பற்களுக்கும் இது பொருந்தாது. எல்லா நோயாளிகளுக்கும் பொருந்தாது. ஆயினும், இப்படி ஒரு வழி உண்டு என்பதை அறிந்தவர் எடுக்கும் முடிவும், அறியாதவர் எடுக்கும் முடிவும் ஒன்றாக இரா. அந்த வழியை இக்கட்டுரையில் படிப்படியாகக் காண்போம்.

விளக்கத்தின் பொருட்டு ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவருக்கு வயது ஐம்பத்தைந்து. கீழ்த்தாடையின் வலப்புறத்தில் உள்ள முதல் கடைவாய்ப்பல்லுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் வேர்ச்சிகிச்சை செய்து உறை போட்டிருக்கிறார். அண்மைக் காலமாக அந்தப் பக்கம் மெல்லும்போது வலிக்கிறது. ஈற்றில் சிறு கொப்புளம் தோன்றுவதும், சீழ் வடிந்து அடங்குவதும், மீண்டும் தோன்றுவதுமாக இருக்கிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மருத்துவர், முன்வேரில் விரிசல் இருப்பதற்கான அறிகுறிகள் தெரிகின்றன என்றும், அதைச் சுற்றி எலும்பு கரைந்திருக்கிறது என்றும், பின்வேர் உறுதியாக இருக்கிறது என்றும் கூறுகிறார். பல்லை எடுத்துவிடலாம், அல்லது முன்வேரை மட்டும் நீக்கிப் பார்க்கலாம். ஒரு வாரத்துக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். அவரோடு சேர்ந்து நாமும் சிந்திப்போம்.

பல்லுக்கு எத்தனை வேர்கள்?

வாய்க்குள் நம் கண்ணுக்குத் தெரிவது பல்லின் மேற்பகுதி மட்டுமே. தாடை எலும்புக்குள் புதைந்து பல்லைத் தாங்கி நிற்பது வேர். முன்பற்களுக்கும் கோரைப்பற்களுக்கும் பொதுவாக ஒற்றை வேர்தான். கீழ்த்தாடைக் கடைவாய்ப்பற்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வேர்கள். ஒன்று முன்புறமாகவும் மற்றொன்று பின்புறமாகவும் அமைந்திருக்கும். மேல்தாடைக் கடைவாய்ப்பற்களுக்குப் பெரும்பாலும் மூன்று வேர்கள். இரண்டு கன்னத்தின் பக்கமும், ஒன்று அண்ணத்தின் பக்கமும் இறங்கும். ஒற்றை வேர் கொண்ட பல்லில் அந்த வேர் கெட்டால் மாற்று வழி குறைவு. ஆகவே நாம் பேசப்போவது பெரும்பாலும் கடைவாய்ப்பற்களைப் பற்றியே.

மரத்தின் தண்டு இரண்டாகப் பிரியும் இடத்தைக் கவடு என்கிறோம். பல்லிலும் அதுபோன்ற கவடு உண்டு. ஈற்றின் விளிம்புக்குக் கீழே சில மில்லிமீட்டர் ஆழத்தில் வேர்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. நலமான வாயில் இந்தக் கவடு எலும்பால் நிரம்பியிருக்கும். வெளியிலிருந்து எதுவும் அங்கே நுழைய முடியாது. நோய் தொடங்குவதும் தொடர்வதும் பலவேளைகளில் இந்த இடத்தில்தான்.

முதல் கடைவாய்ப்பல்லைப் பற்றி இன்னொரு செய்தி. ஏறத்தாழ ஆறு வயதில், எந்தப் பால்பல்லும் விழாமலே, வரிசையின் கடைசியில் அது முளைக்கிறது. அதனால் அதையும் பால்பல் என்று எண்ணிக் கவனியாது விடும் பெற்றோர் உண்டு. நிலைப்பற்களுள் மிக நீண்ட காலம் உழைக்கும் பற்களுள் ஒன்று அது. சொத்தையாலும் ஈறு நோயாலும் அது அடிக்கடி பாதிக்கப்படுவதில் வியப்பில்லை.

ஒரு வேர் மட்டும் கெடுவது எப்படி?

ஒரே பல்லின் இரண்டு வேர்களில் ஒன்று கெட்டு மற்றொன்று நலமாக இருப்பதற்கு மூன்று காரணங்களை முதன்மையாகச் சொல்லலாம்.

முதலாவது, ஈறு நோய். பல்லோடு ஈறு சேரும் இடத்தில் படியும் கிருமிப்படலமும் காரையும் நாளடைவில் ஈற்றைப் பல்லிலிருந்து பிரிக்கின்றன. உள்ளிருக்கும் எலும்பு கரைகிறது. இக்கரைவு எல்லாப் பக்கமும் ஒரே அளவில் நிகழ்வதில்லை. ஒரு வேரைச் சுற்றி முழுவதும் கரைந்து, அடுத்த வேரைச் சுற்றிப் போதிய எலும்பு மிஞ்சியிருக்கலாம். கரைவு கவட்டை எட்டிவிட்டால் சிக்கல் பெரிதாகிறது. 1979ஆம் ஆண்டு வெளியான அளவீடுகளின்படி, கடைவாய்ப்பற்களில் பெரும்பாலானவற்றின் கவட்டு வாயில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலமே கொண்டது. காரையைச் சுரண்டும் கருவியின் முனையே ஏறத்தாழ அந்த அகலம் உடையது. மருத்துவரின் கருவியே நுழையத் திணறும் இடத்தை நம் வீட்டுப் பல்துலக்கி எவ்வாறு தூய்மை செய்யும்?

இரண்டாவது, விரிசல். வேர்ச்சிகிச்சை செய்த பல்லில், உள்ளே குடைந்தெடுத்ததால் வேரின் சுவர் மெலிந்திருக்கும். கடித்து மெல்லும் விசையால் அவ்வேர் நெடுக்குவாக்கில் பிளக்கக்கூடும். கீழ்க் கடைவாய்ப்பல்லின் முன்வேர் தட்டையானது. அதற்குள் பெரும்பாலும் இரண்டு குழாய்கள் ஓடுகின்றன. எனவே அங்கே விரிசல் காண்பது அரிதன்று. நெடுக்குவாக்கில் பிளந்த வேரை நம்பத்தக்க வகையில் ஒட்டவைக்கும் சிகிச்சை இன்று இல்லை.

மூன்றாவது, வேர்க்குழாயைச் சிகிச்சைக்கு உட்படுத்த இயலாமை. குழாய் அடைபட்டிருக்கலாம், முன்னர் செய்த சிகிச்சையில் நுண்கருவி முறிந்து உள்ளே தங்கியிருக்கலாம், வேரின் சுவரில் துளை விழுந்திருக்கலாம், சொத்தை வேருக்குள்ளேயே இறங்கியிருக்கலாம். அந்த வேரில் கிருமிகள் தங்கிவிட்டால், எலும்பில் சீழ் கட்டுவது நிற்பதில்லை.

நூற்றாண்டைக் கடந்த சிகிச்சை

வேரை மட்டும் நீக்கும் கருத்து புதியதன்று. அமெரிக்கப் பல் மருத்துவர் ஜான் நட்டிங் ஃபாரர், பல்லின் வேர்களை அறுத்து நீக்கிச் சீழ்க்கட்டியைக் குணப்படுத்தும் முறையைப் பற்றி 1884ஆம் ஆண்டு 'டென்டல் காஸ்மாஸ்' இதழில் எழுதினார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1886இல், பல் மருத்துவ உலகம் இன்றும் போற்றும் ஜி. வி. பிளாக் அதே முறையை விளக்கினார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895இல்தான். அதாவது, எலும்புக்குள் இருப்பதைக் காணும் வசதி வருவதற்கு முன்பே, பல்லை முழுமையாகப் பறிக்காமல் காக்க முடியுமா என்று மருத்துவர்கள் முயன்றிருக்கிறார்கள்.

பெயர் ஒன்று, முறைகள் மூன்று

வேரை அறுவைச் சிகிச்சையால் நீக்குதல் என்ற பொதுப்பெயரில் மூன்று வெவ்வேறு முறைகள் அடங்கும். மருத்துவர் எதைச் சொல்கிறார் என்று தெரிந்துகொள்வது அவசியம்.

வேர்நுனி நீக்கம்: வேர்ச்சிகிச்சை செய்தும் வேரின் நுனியில் சீழ் அடங்காதபோது, ஈற்றைத் திறந்து, நுனியில் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் மட்டும் வெட்டி நீக்குகிறார்கள். நுண்ணிய கிளைக்குழாய்கள் பெரும்பாலும் அந்தக் கடைசி மூன்று மில்லிமீட்டரில்தான் இருக்கின்றன. பின்னர், வெட்டிய முனையை உடலோடு ஒத்துப்போகும் சிமெண்டால் அடைக்கிறார்கள். வேரின் பெரும்பகுதி அப்படியே இருக்கும். ஒற்றை வேர் கொண்ட முன்பற்களுக்கும் இது பொருந்தும்.

வேர் நீக்கம்: பல்லின் மேற்பகுதியைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டு, கெட்ட வேர் ஒன்றை மட்டும் கவட்டருகே அறுத்து எடுப்பது. மூன்று வேர்கள் கொண்ட மேல் கடைவாய்ப்பற்களுக்கு இது ஏற்றது. கன்னப்பக்கத்தில் பின்னால் உள்ள வேர் மூன்றிலும் சிறியது. பல்லைத் தாங்குவதில் அதன் பங்கு குறைவு. அதை இழந்தாலும் மற்ற இரண்டும் பல்லைத் தாங்கி நிற்க வாய்ப்புண்டு.

பாதிப் பல் நீக்கம்: இரண்டு வேர்கள் கொண்ட கீழ்க் கடைவாய்ப்பல்லை நடுவே இரண்டாகப் பிளந்து, கெட்ட வேரையும் அதன் மேலுள்ள பாதியையும் சேர்த்து எடுத்துவிடுவது. எஞ்சிய பாதி ஒரு சிறு பல்லைப் போல நிற்கும். அதைப் பக்கத்துப் பல்லோடு இணைத்துச் சிறு பாலம் கட்டுவது வழக்கம். நாம் எண்ணிக்கொண்ட அன்பருக்கு மருத்துவர் கூறியது இந்த மூன்றாவது முறையே.

எவருக்குப் பொருந்தும், எவருக்குப் பொருந்தாது?

நிறுவனம் ஒன்றின் கிளை நட்டத்தில் இயங்கினால், அந்தக் கிளையை மட்டும் மூடி நிறுவனத்தைக் காப்பாற்றலாம். ஆனால் எஞ்சிய கிளைகளுக்குச் சுமையைத் தாங்கும் வலிமை இருக்க வேண்டும். பல்லுக்கும் இதுவே அளவுகோல். நீக்கப்படும் வேரைப் பற்றிய வினாவைக் காட்டிலும், மிஞ்சப்போகும் வேரைப் பற்றிய வினா முக்கியமானது.

மிஞ்சும் வேரைச் சுற்றிப் போதிய எலும்பு இருக்க வேண்டும். அந்த வேரின் குழாயில் முழுமையான வேர்ச்சிகிச்சை செய்ய இயல வேண்டும். வேர்கள் ஒன்றைவிட்டு ஒன்று தெளிவாகப் பிரிந்திருக்க வேண்டும். சிலருக்கு வேர்கள் ஒன்றாக ஒட்டியிருக்கும். சிலருக்கு நுனிக்கு அருகில்தான் பிரியும். அத்தகைய பற்களில் ஒன்றை மட்டும் வெட்டி எடுக்க இயலாது. விரிசல் ஒரு வேரோடு நிற்காமல் பல்லின் அடித்தளம் வரை ஓடியிருந்தாலும் இம்முறை உதவாது. பல் முழுவதுமே ஆடிக்கொண்டிருந்தால் அதைக் காக்க முயல்வது பொருளையும் காலத்தையும் வீணாக்குவதாகும்.

உடல்நிலையும் கணக்கில் சேரும். கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும்; ஈறு நோயையும் முற்றச் செய்யும். எனவே கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை முடிவைக் கொண்டுசெல்வது நல்லது. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உட்கொள்பவர்கள் அதைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது; இதய மருத்துவரும் பல் மருத்துவரும் கலந்து பேசி முடிவு செய்ய வேண்டும். எலும்புத் தேய்வுக்கான மாத்திரையோ ஊசியோ பெறுபவர்கள் அதைத் தவறாமல் தெரிவிக்க வேண்டும். அவற்றுள் சில, அறுவைக்குப் பின் தாடை எலும்பு ஆறுவதைப் பாதிக்கக்கூடியவை. புகையிலையை எவ்வடிவில் பயன்படுத்தினாலும் ஈறு ஆறுவது மந்தமாகும். உறக்கத்தில் பற்களை நறநறவெனக் கடிக்கும் பழக்கம் உடையவர்களுக்கு, எஞ்சிய வேரும் பிளக்கும் இடர் உண்டு.

சிகிச்சை எவ்வாறு நடைபெறுகிறது?

முதலில் நோயறிதல். சாதாரண எக்ஸ்ரே படம் பல்லைத் தட்டையாகக் காட்டும். முப்பரிமாணப் படமோ வேர்களையும் எலும்பையும் எல்லாப் பக்கத்திலிருந்தும் காட்டும். விரிசலையோ கவட்டின் நிலையையோ ஐயமறத் தெரிந்துகொள்ள வேண்டியபோது பின்னது உதவும். ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையே மெல்லிய அளவுகோலைச் செலுத்தி ஆழம் பார்ப்பதும் இன்றியமையாதது.

அடுத்து, மிஞ்சப்போகும் வேருக்கு வேர்ச்சிகிச்சை. இதனை அறுவைக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. அந்தக் குழாயில் சிகிச்சை சரிவர முடியாது என்று தெரிந்தால், அறுவைக்கு முன்பே திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம் அல்லவா?

பின்னர் அறுவை. லிக்னோகெயின் போன்ற மரத்துப்போகச் செய்யும் ஊசி போடப்படுகிறது. நோயாளி விழித்திருப்பார்; அழுத்தம் உணர்வாரேயன்றி வலி உணர மாட்டார். ஈற்றை மெல்ல விலக்கி, நீர் தெளித்துக்கொண்டே சுழலும் நுண்கருவியால் வேரை அறுத்துப் பிரிக்கிறார்கள். பிரிந்த பகுதியை, மிஞ்சும் வேரை அசைக்காமல் எடுக்கிறார்கள். அழுகிய திசுவைச் சுரண்டி நீக்குகிறார்கள். வெட்டிய இடத்தில் உணவு தங்கும்படியான விளிம்பு ஏதும் எஞ்சாதவாறு வழவழப்பாக்குகிறார்கள். இப்படி ஒரு சிறு துருத்தல் எஞ்சினாலும் பிற்காலத்தில் அங்கே மீண்டும் காரை படியும். இறுதியில் ஈற்றை உரிய இடத்தில் பொருத்தித் தையல் போடுகிறார்கள். ஏறத்தாழ ஒரு வாரத்தில் தையல் பிரிக்கப்படும்.

கடைசியாக உறை. ஈறு நன்றாக ஆறும்வரை தற்காலிக உறையோடு காத்திருந்து, பின்னர் நிலையான உறையோ பாலமோ கட்டுகிறார்கள். புதிய உறையின் மெல்லும் பரப்பு பழையதைக் காட்டிலும் குறுகலாக இருக்க வேண்டும். இரண்டு வேர்கள் தாங்கிய சுமையை இனி ஒரு வேர் தாங்கப்போகிறது; ஆகவே சுமையைக் குறைப்பது அறிவுடைமை.

மேற்கண்டவற்றில் வேர்ச்சிகிச்சை, ஈறு அறுவை, உறை கட்டுதல் ஆகிய மூன்றும் பல் மருத்துவத்தில் மூன்று தனித்தனித் துறைகள். ஒரே மருத்துவர் மூன்றையும் செய்யலாம். மூவர் கூடிச் செய்வதும் உண்டு. மூவரும் தொடக்கத்திலேயே ஒருமுறை கலந்து பேசியிருக்கிறார்களா என்பதைக் கேட்டறிவது நமக்குப் பயன்படும்.

எத்தனை ஆண்டுகள் நிலைக்கும்?

இதுவே நம் அன்பரின் மனத்தில் எழும் வினா. இரண்டு ஆய்வுகளை இங்கே அருகருகே வைத்துப் பார்ப்போம்.

சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் ஹாம்ப், நைமன், லிண்டே ஆகிய மூவர் 1975இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கவடு பாதிக்கப்பட்ட பற்களுக்குச் சிகிச்சை அளித்து ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்தார்கள். வேர் நீக்கம் செய்யப்பட்ட 87 பற்களில் ஒன்றுகூட அந்த ஐந்து ஆண்டுகளில் இழக்கப்படவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காப்பாற்ற இயலாது என்று தோன்றிய பற்களை அவர்கள் தொடக்கத்திலேயே எடுத்துவிட்டார்கள். எஞ்சியவர்களைச் சில மாதங்களுக்கு ஒருமுறை வரவழைத்துப் பற்களைத் தூய்மை செய்தார்கள்.

அமெரிக்காவில் லாங்கரும் உடன் ஆய்வாளர்களும் 1981இல் வெளியிட்ட ஆய்வு வேறுவிதமான முடிவைக் காட்டியது. வேர் நீக்கம் செய்யப்பட்ட 100 பற்களைப் பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, 38 பற்கள் தோல்வியுற்றிருந்தன. அத்தோல்விகளில் பெரும்பாலானவை ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னரே நேர்ந்தவை. 18 பற்கள் வேர் முறிந்ததாலும், 10 பற்கள் ஈறு நோயாலும், எஞ்சியவை வேர்க்குழாய்ச் சிக்கலாலும் உறை கழன்றதாலும் தோல்வியுற்றன. மேல்தாடையைவிடக் கீழ்த்தாடைப் பற்களிலேயே தோல்வி மிகுதி.

இவ்விரு முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. சரியான பல்லைத் தேர்ந்து, இடைவிடாமல் பேணினால் முதல் ஐந்து ஆண்டுகள் நம்பிக்கை தருபவை. அதன்பின் வேர் முறிதல் என்ற இடர் மெல்ல வளர்கிறது. இரண்டாவது ஆய்வின் கணக்கிலும், நூற்றுக்கு அறுபத்திரண்டு பற்கள் பத்தாண்டுகளுக்குப் பின்னும் நின்றன என்பதை மறக்கலாகாது.

பல்லை எடுத்துவிட்டால்?

ஒப்பிட்டுப் பார்க்காமல் முடிவெடுக்க முடியாது. பல்லை எடுத்துவிட்டு இடத்தை வெற்றாக விட்டால், பக்கத்துப் பற்கள் வெற்றிடத்தை நோக்கிச் சாயும். எதிர்த்தாடைப் பல் நீண்டு இறங்கும். எலும்பும் படிப்படியாகத் தேயும். பாலம் கட்டுவதென்றால், இரு பக்கத்திலும் உள்ள பற்களை, அவை நலமாக இருந்தாலும், அராவிச் சிறிதாக்க வேண்டும்.

மூன்றாவது வழி, எலும்பில் டைட்டானியத் திருகைப் பதித்து அதன்மேல் பல் கட்டும் இம்ப்ளான்ட். அதே கோத்தன்பர்க் நகரில் பிரானெமார்க் என்ற மருத்துவர் 1965இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு இதைப் பொருத்தினார். நல்ல எலும்பும் நல்ல உடல்நிலையும் உள்ளவர்களுக்கு இது சிறந்த தீர்வு. இது பரவலான பின், வேர் நீக்கம் முன்போல் அடிக்கடி தெரிவு செய்யப்படுவதில்லை. ஆயினும் இம்ப்ளான்ட்டுக்கும் செலவு மிகுதி. எலும்போடு அது இணைய மாதங்கள் ஆகும். ஈற்றைப் பேணாதவர்களுக்கு அதைச் சுற்றியும் எலும்பு கரையும். மேலும், வேர் நீக்கம் செய்த பல் பிற்காலத்தில் இழக்கப்பட்டாலும் இம்ப்ளான்ட் வழி பெரும்பாலும் திறந்தே இருக்கும். பறித்த பல்லையோ திரும்பப் பெற முடியாது.

செலவுத் திட்டம்

வங்கி வாடிக்கையாளர்களாகிய நாம் இதனையும் ஒரு முதலீட்டு முடிவைப் போலவே அணுகலாம். படம் எடுத்தல், வேர்ச்சிகிச்சை, அறுவை, தற்காலிக உறை, நிலையான உறை அல்லது பாலம், மறுபரிசோதனை ஆகியவற்றுக்கான கட்டணத்தைத் தனித்தனியாக எழுத்தில் பெறுவோம். "அறுவைக்கு இவ்வளவு" என்று கேட்டுவிட்டு, உறையின் செலவைப் பின்னர் அறிந்து திகைப்பவர்கள் உண்டு. இம்ப்ளான்ட்டுக்கான மொத்தச் செலவையும் அதே முறையில் எழுதி வாங்கி, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போம்.

மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்று எண்ண வேண்டாம். விபத்தில் பற்கள் சேதமுற்றாலன்றிப் பல் சிகிச்சையை ஏற்காத திட்டங்களே மிகுதி. புறநோயாளிச் செலவை ஏற்கும் திட்டங்களில் சில, குறிப்பிட்ட வரம்புவரை பல் சிகிச்சைக்கு இடம் தருகின்றன. ஆவணத்தின் விலக்குகள் பகுதியைச் சிகிச்சைக்கு முன்பே படித்துவிடுவோம். தவணை முறையில் செலுத்தலாம் என்று சொல்லப்பட்டால், வட்டி எவ்வளவு, செயல்முறைக் கட்டணம் உண்டா என்று கேட்போம்.

செலவைத் தாங்க இயலாதவர்கள் சிகிச்சையைக் கைவிட வேண்டியதில்லை. இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை ரஃபியுதீன் அகமது 1920இல் கொல்கத்தாவில் தொடங்கினார். இன்று மாநிலங்கள் பலவற்றில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் இயங்குகின்றன. மேற்சொன்ன மூன்று துறைகளும் ஒரே வளாகத்தில் இருப்பது அவற்றின் சிறப்பு. காத்திருக்கும் காலம் கூடுதலாக இருக்கலாம். கட்டணம் மிகக் குறைவு.

அறுவைக்குப் பின்

முதல் நாள் வாயை வேகமாகக் கொப்பளிக்கக் கூடாது. காயத்தை மூடிய இரத்தக்கட்டி பெயர்ந்துவிடும். கன்னத்தின் வெளிப்புறத்தில் விட்டுவிட்டுப் பனிக்கட்டி ஒற்றடம் கொடுத்தால் வீக்கம் குறையும். மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்புநீரால் மென்மையாக வாய் கழுவலாம். கஞ்சி, குழைந்த சோறு, இட்லி, தயிர் சாதம் போன்ற மென்மையான உணவை மறுபக்கத்தில் மெல்லலாம். மருத்துவர் எழுதித்தந்த மருந்துகளை மட்டும் சொன்ன நாள்கள்வரை உட்கொள்ள வேண்டும். வீக்கம் குறையாமல் கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, இரத்தம் நிற்காமல் வடிந்தாலோ உடனே மருத்துவரை அணுக வேண்டும்.

ஆறிய பின்னர்தான் உண்மையான உழைப்பு தொடங்குகிறது. வேர் நீங்கிய இடத்தில் உணவு தங்க வாய்ப்பு மிகுதி. பல் இடுக்குகளுக்கென்று விற்கப்படும் சிறு துலக்கியை நாள்தோறும் அங்கே செலுத்தித் தூய்மை செய்ய வேண்டும். எந்த அளவுத் துலக்கி தமக்குப் பொருந்தும் என்பதை மருத்துவரிடமே கேட்டுக் கற்கலாம். மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனை தேவை. கரும்பையும், முறுக்கு போன்ற கடினமான பண்டங்களையும் அந்தப் பக்கம் கடிப்பதைத் தவிர்க்க வேண்டும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய வினாக்கள்

1. கெட்டிருப்பது எந்த வேர்? அதைப் படத்தில் எனக்குக் காட்ட முடியுமா?
2. மிஞ்சும் வேரைச் சுற்றி எவ்வளவு எலும்பு இருக்கிறது?
3. அந்த வேருக்கு முழுமையான வேர்ச்சிகிச்சை செய்ய இயலுமா?
4. பின்னர் வெறும் உறை போதுமா, பக்கத்துப் பல்லோடு இணைக்க வேண்டுமா?
5. இந்தப் பல்லுக்கு நீங்கள் எத்தனை ஆண்டுகள் எதிர்பார்க்கிறீர்கள்?
6. இது பயன் தராவிட்டால் அடுத்த வழி என்ன? அப்போது எலும்பு போதுமானதாக இருக்குமா?

இனி, நம் ஐம்பத்தைந்து வயது அன்பரிடம் திரும்புவோம். அவருடைய பின்வேர் உறுதியாக இருக்கிறது; அதன் வேர்ச்சிகிச்சையும் குறையின்றி அமைந்திருக்கிறது. அதற்கு முன்னால் உள்ள முன்கடைவாய்ப்பல்லுக்கு ஏற்கெனவே உறை போடப்பட்டிருக்கிறது. எனவே பாலம் கட்டுவதற்காக நலமான பல் எதையும் அராவ வேண்டியதில்லை. சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறது. பற்களைக் கடிக்கும் பழக்கம் இல்லை. இத்தனையும் பொருந்தினால், பாதிப் பல்லை நீக்கி மறுபாதியைக் காப்பது அவருக்குத் தகுந்த முடிவே. இதே மனிதருக்குப் பக்கத்துப் பல் சிறிதும் பழுதின்றி இருந்து, பின்வேரைச் சுற்றியும் எலும்பு குறைந்திருந்தால், பல்லை எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் வைப்பதே அறிவுடைமையாக இருந்திருக்கும். ஒரே பல், ஒரே வலி. ஆயினும் விடை வேறு.

ஆகவே, எந்த முடிவானாலும் அதை வலியின் அவசரத்தில் எடுக்க வேண்டாம். கடும் வீக்கமோ காய்ச்சலோ இல்லாத நிலையில், சீழை வடித்து வலியை அடக்கியபின், சில நாள்கள் சிந்திக்க இடம் உண்டு. தேவையானால் இரண்டாவது மருத்துவரின் கருத்தையும் கேட்கலாம். படங்களின் பிரதியைக் கேட்டுப் பெறத் தயங்க வேண்டாம். எஞ்சிய வேரின் வலிமையை அறிந்தபின் "எடுத்துவிடுங்கள்" என்று சொன்னாலும், "காப்பாற்றிப் பாருங்கள்" என்று சொன்னாலும், அது நாம் தெரிந்து எடுத்த முடிவாக இருக்கும்.